அம்மாவின் குரூப் நோட்டு

அம்மாவுக்கு முதல் வருடத் திதி கொடுத்த மறுநாள்தான் அவருடைய தகரப் பெட்டியைத் திறக்கும் துணிவு எனக்கு வந்தது. ஆரணிப் பட்டுப் புடவை ஒன்று, நைனாவின் சிறிய புகைப்படம், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை ஆகியவற்றுக்கெல்லாம் அடியில், பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட எண்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குக் குரூப் நோட்டு என்று பெயர். முதல் பக்கத்தில் இருப்பது என் கையெழுத்து. அப்போது நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். எழுத்துக் கூட்டிப் படிப்பாரே தவிர, எழுதுவது அவருக்கு எளிதாக வராது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர், அடையாளம், ரத்த வகை, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி என்று நான்கு கட்டங்கள். முதல் பக்கங்களில் முகவரிக்குப் பதிலாக ‘டீக்கடை எதிர் வீடு’, ‘பூக்காரம்மா மருமகன்’, ‘மண்டித் தெரு, லாரி செட்டு’ என்றெல்லாம் இருக்கும். நடுப் பக்கங்களில் ஆறு இலக்கத் தொலைபேசி எண்கள் வருகின்றன. கடைசிப் பக்கங்களில் எல்லாமே செல்பேசி எண்கள், என் மகளின் கையெழுத்தில்.

அம்மாவைப் பற்றி எழுதவேண்டும் என்று பலமுறை உட்கார்ந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்திருக்கிறேன். அந்த நோட்டைக் கையில் எடுத்த பிறகுதான் தொடங்க ஓர் இடம் கிடைத்தது.

வேலூர் தோட்டப்பாளையத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் ஓட்டு வீடு. 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்று சி.எம்.சி. என்ற கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. அதை நம்பி வங்காளம், அசாம், திரிபுரா, ஜார்க்கண்ட் என்று தொலைதூரங்களிலிருந்து மக்கள் இரண்டு மூன்று நாள் ரயிலில் பயணம் செய்து காட்பாடி சந்திப்பில் இறங்கி எங்கள் தெருக்களுக்கு வருகிறார்கள். எங்கள் பகுதி லாட்ஜுகளின் பெயர்ப் பலகைகளில் தமிழோடு வங்காள எழுத்தும் இருக்கும். கடைகளில் கடுகு எண்ணெய் கிடைக்கும். வந்தவர்கள் தாங்களே சமைத்துக்கொள்ள அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். நைனா நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அவருடைய கூலி போதாமல்தான் எங்கள் வீட்டு முன்னறையையும் அம்மா நோயாளிகளின் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அம்மாவின் உதவி வாடகையில்தான் தொடங்கியது. ஆனால் வாடகை கொடுத்தவர்கள் ஒரு வாரத்துக்குள் சொந்தக்காரர்களாகிவிடுவார்கள். ஊருக்குப் போகும்போது பாதிப் பேரிடம் கடைசி வார வாடகையை அம்மா வாங்கியதே இல்லை. ரயிலில் சாப்பிடப் புளிசாதம் கட்டிக் கொடுத்துவிட்டு, ‘வழிச் செலவுக்கு வெச்சிக்கோ’ என்று பணத்தைத் திருப்பி அவர்கள் கையில் திணிப்பார்.

அவர்களிடமிருந்து அம்மா நான்கைந்து வங்காளச் சொற்களைக் கற்றுக்கொண்டிருந்தார். பாத் என்றால் சோறு, ஜோல் என்றால் தண்ணீர். எல்லாவற்றையும்விட அதிகமாக அவர் சொன்னது ‘பொய் நேய்’ என்பது. பயமில்லை என்று பொருள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய இரவு தூக்கம் வராமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெண்களின் அருகில் போய் அமர்ந்து, அவர்கள் முதுகைத் தடவிக்கொண்டே அம்மா அதைச் சொல்வதை எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறேன். என் காதில் அது ‘பொய் இல்லை’ என்றே விழும். அம்மா சொன்னதை அவர்கள் நம்பினார்கள் என்பதால், அப்படிக் கேட்டதிலும் தவறில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

குரூப் நோட்டு பிறந்த கதை 1989ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வடஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த வருடம் அது. முன்னறையில் தங்கியிருந்த ஓர் இளைஞனின் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. சொந்தக்காரர்களில் யாராவது ரத்தம் கொடுக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவனோ தன்னந்தனியாக மனைவியை அழைத்துக்கொண்டு வந்தவன். தன்னுடைய ரத்தத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டான். மொழியும் தெரியாமல், யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல், வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா அரைத்துக்கொண்டிருந்த மாவைப் பாதியில் விட்டு, கையைக் கழுவி, என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ரத்த வங்கிக்குப் போனார். அங்கே எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றார். முள் 39ஐத் தாண்டவில்லை. அவ்வளவு மெலிந்தவரிடம் ரத்தம் எடுக்க முடியாது என்று அங்கிருந்த செவிலியர் அன்பாகத்தான் சொன்னார். ‘எனக்கு ஒண்ணும் ஆவாது, எடும்மா’ என்று அம்மா இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். வெளியே வந்ததும், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எதுவும் பேசாமல் வேகமாக நடந்தார்.

வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்தேன். அம்மா நேராகத் தெருமுனையில் கேரம் விளையாடிக்கொண்டிருந்த பையன்களிடம் போய் நின்றார். அவர்கள் யாரும் அதுவரை ரத்தம் கொடுத்ததில்லை. கொடுத்தால் உடம்பு வீணாகிவிடும் என்று வீடுகளில் சொல்லி வைத்திருந்தார்கள். அம்மா அவர்களிடம் நியாயம் எதுவும் பேசவில்லை. ‘அந்தப் பொண்ணுக்கு உங்க அக்கா வயசு இருக்கும். நான் போனேன், வேணான்னுட்டாங்க. நீங்க வாங்க’ என்றார். மூன்று பேர் காயை அப்படியே பலகையில் விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள்.

அன்று இரவே நோட்டுப் போடப்பட்டது.

அதன் பிறகு எங்கள் தெருவில் யாரும் அம்மாவிடமிருந்து தப்ப முடியவில்லை. புதிதாகக் குடிவந்தவரிடமும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடமும், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடமும் ‘இன்னா குரூப்பு நீ?’ என்று கேட்டுவிடுவார். தெரியாது என்றால், தெரிந்துகொண்டு வந்து சொல்லும்வரை விடமாட்டார். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம் என்பது அவருக்கு மனப்பாடம். கெடு முடியாதவரை யார் வந்து அழைத்தாலும் அனுப்பமாட்டார். பிற்காலத்தில் ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரித்துக் கொடுக்கும் முறை வந்தபோது, பிளேட்லெட் ஐந்து நாளைக்கு மேல் தாங்காது, அதனால் அதற்கு ஆள் எப்போதும் தயாராக இருக்கவேண்டும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் அதை ‘பிளேட்டு’ என்பார்.

ரத்தம் கொடுக்கப் போகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பமாட்டார். ‘துன்னுட்டு வந்தியா?’ என்பதுதான் முதல் கேள்வி. கொடுத்துவிட்டு வருபவருக்காக மருத்துவமனை வாசலில் காத்திருந்து, வீட்டுத் திண்ணைக்கு அழைத்து வந்து அரை மணி நேரம் உட்காரவைத்து, நன்னாரி சர்பத்தும் இரண்டு வேகவைத்த முட்டையும் கொடுப்பார். முட்டையைத் தானே உரித்துத்தான் கொடுப்பார். ஒருமுறை நான் உரிக்காமல் தட்டில் வைத்து நீட்டிவிட்டேன். ‘ஊசி குத்தின கைடி அது. மடக்கினா ரத்தம் கட்டிக்கும். உரிச்சிக் குடு’ என்று என் கையிலிருந்து வாங்கி, ஓட்டின் சிறு துணுக்குகூட ஒட்டியிராமல் தண்ணீரில் அலசி, உப்பும் மிளகும் தூவி, அந்தப் பையனின் மற்றொரு கையில் வைத்தார். ஒருவருக்கு எது தேவை என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டதைவிட, இப்படிப் பார்த்துத் தெரிந்துகொண்டதே அதிகம்.

எல்லாவற்றையும் நான் அப்போது மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன் என்று எழுதினால் அது உண்மையாகாது. 1992 மார்ச் மாதம், பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத் தேர்வில் கணக்குப் பரீட்சைக்கு முந்தைய இரவு. பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. அம்மா எழுந்து, நோட்டை எடுத்துக்கொண்டு, தெருவில் இருவரை எழுப்பி அழைத்துக்கொண்டு போனவர் விடிகாலை நான்கு மணிக்குத்தான் திரும்பினார். எனக்குப் பயத்தில் தூக்கமே வரவில்லை. நைனா குறட்டை விட்டுக்கொண்டிருக்க, நான் தனியாகச் சிம்னி விளக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்த அம்மாவிடம், ‘ஊரார் பிள்ளைங்கதான் உனக்குப் பெருசு’ என்று கத்தினேன். அம்மா கோபப்படவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, ‘நீ பரிச்சை எழுதிட்டு வூட்டுக்கு வந்துடுவே. அந்தப் பொண்ணு வருவாளான்னு தெரியலியே’ என்றார். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

அந்த இரவைப் பற்றி என் திருமணத்துக்குப் பிறகு ஒருநாள் பேச்சு வந்தது. அப்போதுதான் ஐடா ஸ்கடரின் கதையை அம்மா எனக்குச் சொன்னார். மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்த ஒரு மூதாட்டியிடம் அவர் கேட்ட கதை அது. ஐடா மருத்துவம் படிப்பதற்கு முன்பு, திண்டிவனத்தில் தன் பெற்றோரோடு தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றும்படி அவரை அழைத்திருக்கிறார்கள். அவருடைய தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவரை அந்த வீட்டார் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் மருத்துவம் படிக்க முடிவெடுத்து அமெரிக்கா போனார் என்பது வேலூரில் பலரும் அறிந்த வரலாறு. அம்மா அதை எங்கள் தெருவில் நேற்று நடந்ததைப் போலச் சொன்னார். ‘மூணு வாட்டி கதவத் தட்டினாங்களாம்டி’ என்று சொன்னபோது அவர் குரல் கம்மியது. எங்கள் வீட்டுக் கதவு இரவில் தட்டப்பட்டபோதெல்லாம் அம்மாவின் காதில் எந்தக் கதவு தட்டப்பட்டிருக்கும் என்று அன்று எனக்குப் புரிந்தது.

அம்மாவின் தொழிலைப் பற்றியும் சொல்லவேண்டும். பகல் முழுவதும் அவர் பீடி சுற்றினார். இலையை நனைத்து, தகர அச்சை வைத்துக் கத்தரித்து, மடியில் வைத்த முறத்தில் தூளோடு பரப்பிக்கொண்டு உட்கார்ந்தால், பேச்சு பேச்சாக இருக்கும்போதே கை ஓடும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாளுக்கு ஆயிரம் பீடி முடித்தால்தான் கூலி ஒரு கூலியாகும். பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1976லேயே வந்துவிட்டாலும், அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும் என்பது எங்கள் தெருப் பெண்கள் பலருக்குத் தெரியாது. எனக்காக ஒருமுறை அலைந்து வழியைத் தெரிந்துகொண்ட அம்மா, அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு வருடமும் ஏழெட்டுப் பெண்களை, இந்து முஸ்லிம் என்று பாராமல், வரிசையாக அழைத்துக்கொண்டு போவார். விண்ணப்பம் நிரப்புவது என் வேலை.

1994இல் முன்னறைக்கு வங்காளத்தின் முர்ஷிதாபாத்திலிருந்து ஒருவர் மனைவியோடு வந்தார். தொண்டையில் புற்றுநோய். பேச்சு நின்றுவிட்டிருந்தது. அம்மா வழக்கம்போல் திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தபோது அவர் வெளியே வந்து எதிரில் அமர்ந்தார். வெகுநேரம் அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், கையை நீட்டி ஓர் இலையை எடுத்தார். தூளை அளவாக வைத்தார். எங்கள் ஊர்ப் பழக்கத்துக்குச் சற்று மாறாக, ஆனால் அம்மாவைவிட வேகமாக, ஒரு பீடியைச் சுற்றி நூல் கட்டி முறத்தில் வைத்தார். அவருடைய ஊரிலும் அதுதான் தொழிலாம். பிறகு அவர் மனைவி சொன்னார். பீடியை வைத்தவர் தன் தொண்டையை ஒருமுறை தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அம்மா முறத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அவர்கள் தங்கியிருந்த நாற்பது நாளும் பின்கட்டில், கதவைச் சாத்திக்கொண்டுதான் சுற்றினார். உடனே விட்டுவிட முடியவில்லை. என் கல்லூரிக் கட்டணம் அந்த முறத்தில்தான் இருந்தது. 1996இல் எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளத்தைக் கொண்டு வந்து கொடுத்த அன்று, பீடிக் கடைக்குப் போய்க் கணக்கை முடித்துக்கொண்டு வந்தார். அதன் பிறகு இட்லி மாவு அரைத்து விற்றார். அடையாள அட்டையை மட்டும் ஏனோ பத்திரமாக வைத்திருந்தார்.

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்தவள் நான். பெங்களூர்ச் சாலையில் பாலாற்றங்கரையில் இருக்கும் விரிஞ்சிபுரம் கோயிலில், கார்த்திகைக் கடை ஞாயிற்றுக்கு முந்தைய நள்ளிரவில் சிம்மக் குளத்தில் முழுகி, ஈரப் புடவையோடு பிராகாரத்தில் படுத்து எழுந்த பிறகு பிறந்தேன் என்பது அம்மாவின் உறுதியான நம்பிக்கை. திருவாரூர்த் தேரழகு, திருவிரிஞ்சை மதிலழகு என்பார்களே, அந்த ஊர். அங்கே இறைவனுக்கு மார்க்கபந்தீசுவரர் என்றும், தமிழில் வழித்துணை நாதர் என்றும் பெயர். குழந்தை வேண்டி ஏங்கும் பெண் யாரைக் கண்டாலும் அம்மா கார்த்திகையில் அங்கே அழைத்துப் போவார். நடுங்கும் குளிரில் அவர்களைத் தனியாக முழுகவிடாமல் தானும் கூடவே இறங்குவார். அறுபது வயதைத் தாண்டியும் இறங்கினார். அதே பெண்ணைப் பிறகு மருத்துவரிடமும் அழைத்துப் போவார். இரண்டில் எது பலித்தது என்று அவர் ஒருபோதும் ஆராய்ந்ததில்லை.

பேத்தி பிறந்ததும் அம்மா முற்றிலும் வேறு ஒருவராகிவிட்டார் என்றே சொல்லவேண்டும். எனக்குக் கொடுக்க முடியாத நேரத்தையெல்லாம் அவளுக்குக் கொடுத்தார். கோடை விடுமுறையில் அவளை வேலூரில் விட்டுவிட்டால், அக்கினி நட்சத்திர வெயிலில் மலைகள் எல்லாம் அனலைத் திருப்பி வீசும் நாட்களிலும், இருவரும் வாசலில் தண்ணீர்ப் பானை வைத்து, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் மொண்டு கொடுத்துக்கொண்டிருப்பார்கள். முள்ளுக் கத்திரிக்காயைக் காம்பு முள் குத்தாமல் எப்படிப் பிடித்து நறுக்கவேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும், கேழ்வரகுக் களியை உருட்டி நடுவில் குழி செய்து கீரைக் குழம்பு ஊற்றி ஊட்டியதும் ஆயாதான். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் புரண்டு ஓடியபோது, ‘மணலா கிடந்த ஆறு, தண்ணியப் பார்த்துக்கோ’ என்று அவளைப் பாலத்துக்கு அழைத்துப் போனவர், திரும்பும் வழியிலேயே கரையோரத்து வீடுகளில் வெள்ளம் புகுந்த செய்தியைக் கேட்டு, அன்று மாலைக்குள் பெரிய அண்டா ஒன்றை இரவல் வாங்கிச் சாம்பார் சாதம் கிளறினார். அப்போது அவருக்கு வயது 72. கரண்டியைப் பிடிக்க முடியாமல் பேத்தியின் கையைப் பிடித்துக் கிளறவைத்தார். அந்த வருடம்தான் என் மகளுக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. நோட்டில் தன் பெயரையும் ‘ஓ பாசிட்டிவ்’ என்பதையும் அவளே எழுதினாள். எடை இயந்திரத்தில் 52 காட்டியதைக் கேட்டு அம்மா அடைந்த மகிழ்ச்சி, அவள் கல்லூரியில் சேர்ந்தபோதுகூட அவருக்கு இருந்ததில்லை.

2024 தை மாதத்தில், மூன்று நாள் காய்ச்சலில், அதிகம் யாரையும் சிரமப்படுத்தாமல் அம்மா போய்விட்டார்.

கடந்த மாதம் அந்த வீட்டில் தங்கியிருந்தேன். இரவு ஒன்பதரை மணிக்கு, அம்மாவின் பழைய செல்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. பக்கத்து லாட்ஜில் வேலை செய்யும் பையன் யாரோ அந்த எண்ணைக் கொடுத்திருக்கவேண்டும். திக்கித் திணறிய தமிழில் ஒரு குரல், ‘மாஜி, ஓ நெகட்டிவ்’ என்றது. அம்மா இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. ‘பொய் நேய்’ என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்தேன்.

அந்த வகைக்கு நோட்டில் மூன்றே பெயர்கள். ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் ஓசூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். மூன்றாவது பெயர் முதல் பக்கத்தில், என் எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் இருந்தது. 1989இல் கேரம் பலகையிலிருந்து எழுந்து வந்த மூவரில் ஒருவர். அவருக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. எண் மட்டும் இரண்டு முறை அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. அழைத்தேன். யார் பேசுவது என்று கேட்டார். சொன்னதும், ‘துன்னுட்டேன்மா, இதோ வர்றேன்’ என்றார்.

அவர் கொடுத்துவிட்டு வெளியே வரும்வரை மருத்துவமனை வாசலில் நின்றிருந்தேன். வீட்டுக்கு அழைத்து வந்து திண்ணையில் உட்காரவைத்தேன். இரண்டு முட்டைகளையும் உரித்து, தண்ணீரில் அலசி, உப்பும் மிளகும் தூவி, ஊசி குத்தாத கையில் வைத்தேன்.